வெள்ளிக்கிழமை லாரிகள்

அத்தியாயம் 14

முப்பத்தொரு லாரி மண்ணை ஒளித்து வைப்பது எப்படி என்று யாராவது கேட்டிருந்தால், நாலு நாளைக்கு முன்பு வேதா சிரித்திருப்பாள். இப்போது அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள், சிரிப்பு முதல் நாளே போய்விட்டது. நகையென்றால் அரிசி டப்பாவைக் கவிழ்த்துப் பார்க்கலாம். பத்திரமென்றால் பீரோவைக் குடையலாம். மண்ணை ஒளிக்க மண்ணைவிடத் தோதான இடம் கிடையாது, அதுதான் தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் பார்க்கிற இடமெல்லாம் கிடக்கிறதே.

"மேடம், நாலு நாளா மண்ணைப் பாத்துப் பாத்து, நேத்து வூட்ல பிரியாணியில கைய வுட்டு சாம்பிள் எடுக்கப் போயிட்டேன். என் வூட்டுக்காரி ஷாயிஸ்தா கரண்டியோட வந்துட்டா" என்றான் முதாசிர்.

முதாசிர் அவளுடைய உதவியாளன். வயது நாற்பத்தாறு, வாய்க்கு மட்டும் பதினாறு. வேதா பதினோரு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, குரோம்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். திறந்த அன்றைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்து, மாடியேறி வந்து, போகாமலே இருந்துவிட்டவன் முதாசிர்.

இருவரும் உட்கார்ந்திருந்தது தாம்பரத்தில் தண்டவாளத்தை ஒட்டிய பழைய சரக்கு யார்டில். ரயில்வே கைவிட்ட நாலரை ஏக்கர், இப்போது பூங்காவாகிக்கொண்டிருந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்த ஊஞ்சல்கள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றன. அறுபது வருஷமாக இன்ஜின் எண்ணெயையும், தண்டவாளத்தில் புல் முளைக்காதிருக்கத் தெளித்த மருந்தையும் குடித்த மண் இது. ஈயமும் ஆர்சனிக்கும் அனுமதித்த அளவைவிட ஒன்பது மடங்கு என்று பரிசோதனைக் கூடம் எழுதிக் கொடுத்துவிட்டது. அதனால் அளவு மீறிய அரை ஏக்கரை மட்டும் மூன்றடி ஆழத்துக்கு வெட்டி எடுத்து, நகரத்துக்கு வடக்கே விஷக் கழிவுக்கென்றே இருக்கும் ஆலைக்கு அனுப்பிவிட்டு, நல்ல மண் கொட்டச் சொன்னார்கள். போன ஆண்டு கோடையில் வேலை நடந்தது. இந்தக் கேட்டைத் தாண்டியவை இருநூற்றுப் பதினாலு லோடு. ஆலைக்குப் போய்ச் சேர்ந்தவை நூற்று எண்பத்து மூன்று.

கேட்டில் நின்று ஒவ்வொரு லோடுக்கும் கையெழுத்துப் போட்டவர் உதவிப் பொறியாளர் ஸ்ரீநிவாசன். முப்பத்தொரு லோடை அவர்தான் விற்றுவிட்டார் என்று சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். நாளைக் காலை பதினோரு மணிக்கு விசாரணை. மண் எங்கே என்று காட்டாவிட்டால் வழக்கு போலீஸுக்குப் போகும். அந்த மண்ணைத் தேடித் தரச் சொல்லி வேதாவிடம் வந்தவர், இப்போது எதிரே நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"மேடம், ரூல் புக்ல ஒரு லைன் இருக்கு. அந்த மண்ணு எங்க கொட்டியிருந்தாலும், அதையும் அதுக்குக் கீழ ஒரு அடியையும் சேர்த்துத் தோண்டி எடுக்கணும். அந்த லைனை எழுத வச்சதே நான்தான். வித்துத் திங்கறவன் அப்படி எழுதுவானா?" என்றார் அவர்.

"எழுத மாட்டான் சார். ஆனா இதை விசாரணையில சொன்னா, நல்லா எழுதத் தெரிஞ்ச திருடன்னு எழுதிப்பாங்க" என்றான் முதாசிர்.

வேதா அதைக் காதில் வாங்கவில்லை. காணாமல் போன முப்பத்தொரு லோடின் சீட்டுகளையும் சிமென்ட் பெஞ்சில் பரப்பி, காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைத்திருந்தாள். சீட்டில் தேதி இருந்தது, நேரம் இருந்தது, கிழமை இல்லை. மூன்று நாளாகத் தேதிகளை வெறும் எண்களாகவே பார்த்துக்கொண்டிருந்த தன் மூளையைத் திட்டிக்கொண்டே, கைபேசியில் போன ஆண்டு நாள்காட்டியைத் திறந்தாள்.

"எல்லாம் வெள்ளிக்கிழமை" என்றாள்.

ஐந்தே ஐந்து வெள்ளிக்கிழமைகள். வாரத்துக்கு ஆறு லோடு, கடைசி வாரம் மட்டும் ஏழு. எல்லாமே மதியம் இரண்டு மணிக்கு மேல் கிளம்பியவை.

"திருடனுக்கும் வாரத்துல ஒரு நாள் லீவு வேணாமா, மேடம்? இவன் ஒரே நாள் வேலை பாத்துட்டு ஆறு நாள் லீவு எடுத்துக்கிறான். கவர்மென்ட்ல சேந்தா பெரிய ஆளா வருவான்."

ஸ்ரீநிவாசன் முகம் சுருங்கியது. முதாசிர் அவர் தோளைத் தட்டி, "உங்களைச் சொல்லலை சார், உங்களுக்குத்தான் இப்ப வேலையே இல்லையே" என்று ஆறுதல் சொன்னான்.

லாரிகளுக்கு மேஸ்திரியாக இருந்தவர் வேதாசலம். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், வெல்டிங் பட்டறை ஒன்றின் வாசலில் தன் லாரிக்குப் பின்கதவு மாட்டிக்கொண்டிருந்தவரை அவர்கள் பிடித்தபோது மணி பன்னிரண்டு. இரண்டு தடவை வந்தபோது ஆள் ஊரில் இல்லை என்றவர்கள், மூன்றாவது தடவை முதாசிர் பட்டறைக்காரரிடம் லாரி வாங்க வந்திருப்பதாகச் சொன்னதும், கையைப் பிடித்துக் கூட்டி வந்து காட்டினார்கள்.

"இன்னா மேடம், எல்லாத்தையும் ஆலைக்குத்தான் அனுப்பிச்சேன்" என்றார் வேதாசலம். அவருடைய கண் மட்டும் லாரியின் காபினுக்குப் போய்விட்டு வந்தது.

வேதாவும் காபினைப் பார்த்தாள். கண்ணாடிக்கு மேலே, சாமி படங்களுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் கவரோடு மடித்துச் செருகிய ஒரு பொன்னாடை. ஜரிகை பளபளத்தது. மண் லாரி ஓட்டுகிறவருக்குப் பொன்னாடை போர்த்தும் வழக்கம் இந்தப் பக்கத்தில் இருப்பதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

"கட்சியில இருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

"பொண்ணு கல்யாணமா?"

"எனக்கு ரெண்டும் பசங்க."

"அப்ப அந்தப் பொன்னாடை?"

வேதாசலம் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத் துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என் புள்ளைங்க மேல சத்தியமா ஒரு பைசா வாங்கல மேடம். வெள்ளிக்கெழம நாலு மணிக்கெல்லாம் ஆலை கேட்ட மூடிடுவான். ரெண்டு மணிக்கு மேல கெளம்புன வண்டி அங்க போயி திங்கக்கெழம வரைக்கும் நின்னுகினு இருக்கணும். வண்டி நிக்குதுன்னா மொதலாளி என்னத்தான் தொங்கவுடுவாரு. அப்ப ஒரு எடத்துல மண்ணு வோணும்னு மனு குடுத்தாங்க. படிச்சேன். மனசு கேக்கல. குடுத்துட்டேன்."

"எந்த இடம்?"

"அத்த மட்டும் கேக்காதீங்க. சொன்னா அவங்களுக்கு பேஜாரு."

"அது விஷ மண்ணுன்னு தெரியுமா?"

"ஆலைக்கு எதுக்குப் போவுதுன்னு யாரும் சொல்லல, ரயில்வே மண்ணுன்னாங்க. நல்லா கெட்டியா கீது, தண்ணி நிக்காதுன்னு நெனச்சேன். விஷம்னு இந்த வருஷந்தான் பேப்பர்ல பாத்தேன் மேடம், அதுலருந்து சோறு எறங்கல." தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வதுபோலச் சேர்த்தார். "அங்க கீறவங்களுக்கு ஒண்ணும் ஆவாது மேடம். அவங்கள்ல யாரும் வந்து கம்ப்ளெய்ன்ட் பண்ணவும் மாட்டாங்க."

அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை. முதாசிர் போலீஸ் என்றான், கோர்ட் என்றான், கடைசியில் உங்கள் லாரிக்கு நான் கொடுத்த விலையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றுகூட மிரட்டினான். மனிதர் அசைந்து கொடுக்கவில்லை.

வெளிவட்டச் சாலைப் பாலத்துக்கு அடியில் ஒரு டீக்கடையில் ஸ்கூட்டரை நிறுத்தினாள் வேதா. ஸ்ரீநிவாசனிடமிருந்து ஒன்பது தவறிய அழைப்புகள். கடைக்காரர் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவள் யோசித்ததை முதாசிருக்குக் கேட்கும்படியே யோசித்தாள். அவளுக்கு அது பழக்கம்.

"ஒன்றரை மணி நேரத்துல ஆறு லோடு போயிருக்கு. ஜேசிபி டிரைவரைக் கேட்டேன், அந்த நாளெல்லாம் அவன் வண்டி யார்டை விட்டு நகரவே இல்லை. முதல் லோடைப் பரப்பாம ரெண்டாவது லாரி உள்ள போக முடியாது. அப்ப மெஷின் இல்லாம, கையால பரப்பியிருக்காங்க. மறைச்சு செஞ்ச வேலை இல்லை பாய் இது. நாம கல்குவாரி, ஏரிக்கரைன்னு ஒளிஞ்ச இடமாவே தேடினோம். இவங்க நல்ல வெயில்ல, பத்துப் பேர் பாக்க, பொன்னாடை போர்த்திக் கொட்டியிருக்காங்க."

"சரி மேடம், யாரு?"

"அதான். வெள்ளிக்கிழமை ரெண்டரை மணி, வேலை நாள். மண்வெட்டி பிடிக்க அம்பது ஆம்பளைங்க ஒரே இடத்துல எங்க கிடைப்பாங்க?"

"இது ஒரு கேள்வியா மேடம்? ஜும்மா முடிஞ்சு பள்ளிவாசல் வாசல்ல வந்து பாருங்க. அம்பது இன்னா, நூறு பேரு செருப்பு தேடிகினு..."

முதாசிர் அதோடு நிறுத்திக்கொண்டான். அவன் ஒரு ஜோக்கைப் பாதியில் நிறுத்தி வேதா பார்த்ததில்லை.

"அங்க இருக்கறவங்க யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ண மாட்டாங்க" என்று வேதாசலம் சொன்னதை அவள் மெதுவாக இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். கேட்கும்போது மழுப்பலாகத் தெரிந்த வாக்கியம், இப்போது முகவரி மாதிரி இருந்தது.

முதாசிர் பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டான். "வண்டிய எடுங்க மேடம்" என்றான்.

முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பி, இரண்டு காலனிகளைத் தாண்டி, பள்ளமான ஒரு தெருவின் கடைசியில் இருந்தது அந்தச் சின்ன ஜமாஅத்தின் இடுகாடு, கபரஸ்தான். வழி கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இடது, வலது என்று முதாசிர் சொல்லிக்கொண்டே வந்தான். கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வேதாவுக்கு வந்திருக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்திருந்தவன் ஒரு ஜோக்கும் அடிக்காமல் வந்ததில் அது வராமலே போயிற்று.

பெண்கள் உள்ளே போவது அங்கே வழக்கமில்லை என்பதால் அவள் கேட்டிலேயே நின்றாள். சுற்றிலும் வீடுகளின் வாசல்கள் தெருவைவிடத் தாழ்ந்து கிடக்க, கபரஸ்தான் மட்டும் மூன்றடி உயர்ந்து சமதளமாக இருந்தது. குழி வெட்டும் ஜமால் பாய் மண்வெட்டியைக் கரையில் போட்டுவிட்டு, முதாசிரைப் பார்த்ததும் முகம் மலர வந்தார்.

"வா பாய். அஸர் தொழுகைக்கப்புறம் ஒரு மையித்து வருது, இப்பதான் வெட்டி முடிச்சேன்." கேட்டுக்கு வெளியே நிற்பவள் முதாசிர் வேலை பார்க்கிற இடத்து மேடம் என்று தெரிந்ததும் அவருக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது.

"நல்ல மண்ணா இருக்கே பாய்" என்றாள் வேதா.

"தங்கம் மேடம். முன்னாடி புல்லு வெட்டியே என் இடுப்பு போச்சு. இந்த மண்ணு வந்து ஒரு வருசமாவது, ஒரு புல்லு மொளைக்கல பாருங்க. எறும்புப் புத்து இல்ல, மண்புழு இல்ல. அவ்ளோ சுத்தமான மண்ணு." அவர் குனிந்து ஒரு கை அள்ளிக் காட்டினார். கருப்பாக இருந்தது. தார் உருக்கும் இடத்தில் வருகிற வாசனை. காட்டிய உள்ளங்கையில் தோல் பாளம் பாளமாக வெடித்து, கரும்புள்ளி பூத்திருந்தது.

"கைக்கு என்ன பாய்?"

"அது ஆறு மாசமா கீது. மருந்துக்கடையில களிம்பு குடுத்தான், தடவிகினு இருக்கேன்." பிறகு ஏதோ நினைவு வந்தவராகப் போய், ஒரு சாக்குப் பையை இழுத்து வந்து கவிழ்த்தார். துருப்பிடித்த இரும்புக் கொக்கிகள் கலகலவென்று கொட்டின. தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து வைக்கிற கிளிப்புகள், இருபதுக்குக் குறையாது. "குழி வெட்ட வெட்ட இது வருது. எதுக்குன்னு தெர்ல, சேத்து வெச்சிகினு கீறேன்."

சாட்சி கிடைத்துவிட்டது. ஸ்ரீநிவாசனைக் காப்பாற்ற இந்தச் சாக்கு ஒன்றே போதும். வேதா முதாசிரைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கிளிப்புகளைப் பார்க்கவில்லை, மதிலோரமாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் இவரால வந்தது மேடம்" என்றார் ஜமால் பாய் பெருமையாக. "முன்னல்லாம் மழ வந்துச்சின்னா ரெண்டடி தோண்டும்போதே தண்ணி ஊறும். வாளி வெச்சி எறைச்சிகினே மையித்த எறக்குவோம். இவங்க அத்தா அடக்கத்தன்னிக்கி நானு எறைக்கறேன், இவரு எறைக்கறாரு, தண்ணி நிக்கவே இல்ல. கடைசில தண்ணியிலயே வெச்சோம். அதுக்கப்புறம் இவரு ஒரு மனு எழுதினாரு பாருங்க, இவரு ஊர்ல இல்லாதப்ப நாங்கதான் கொண்டு போயி குடுத்தோம், அத்தப் படிச்சிட்டு மண்ணு லாரிக்காரரு அழுதுட்டாரு. எம் பொறுப்புன்னு அஞ்சு வாரம் மண்ணு அடிச்சிக் குடுத்தாரு. ஜும்மா முடிச்சிட்டு எல்லாரும் எறங்கிப் பரப்பினோம். நாங்கதான் அவருக்குப் பொன்னாடை போத்தினோம்."

அவர் குழியைச் சரிபார்க்கப் போனார்.

"மாடம்பாக்கம் ஏரி தூர் வாருறாங்க, அந்த மண்ணைத் தாங்கன்னுதான் மேடம் எழுதினேன்" என்றான் முதாசிர். "அந்த அஞ்சு வாரமும் நான் திருச்சியில இருந்தேன். நீங்கதான் கேஸுக்கு அனுப்பிச்சீங்க. வந்து பாத்தா மேடாயிருந்துச்சு. ஏரி மண்ணுன்னே நெனச்சேன். இனிமே யாரும் தண்ணியில போக வேணாம்னு சந்தோஷப்பட்டேன்."

"அதுக்கப்புறம் எத்தனை பேர்?"

"நாப்பத்திரெண்டு. அத்தாவும் கீழதான் இருக்காரு."

அப்போதுதான் வேதாவுக்கு ரூல் புக்கில் இருந்த வரி உறைத்தது. அதையும் அதற்குக் கீழே ஓரடியையும் தோண்டி எடுக்க வேண்டும், இதுதான் சட்டம். யார்டில் நின்று ஸ்ரீநிவாசன் அதைச் சொன்னபோது எவ்வளவு நியாயமாகப் பட்டது.

"வேற வழி இருக்காதா பாய்? உங்க பெரியவங்ககிட்ட பேசி..."

"ஒரு தடவ வெச்சா வெச்சதுதான் மேடம். எடுக்கறதுன்னு ஒரு பேச்சே எங்கள்ல இல்ல. ஜேசிபி வந்து நின்னா, தெருவே படுத்துக்கும்."

"சொல்லாம விட்டுட்டா?"

கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. முதாசிர் ஜமால் பாயின் முதுகைப் பார்த்தான். பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த அடிபம்பைக் கை காட்டினான். "தொழுகைக்கு முன்னாடி அந்தத் தண்ணியிலதான் எல்லாரும் கை, மூஞ்சி கழுவி ஒளு செய்யறோம். இந்தத் தெருவே அத்தத்தான் குடிக்குது. ஸ்ரீநிவாசன் சார் வேற நாளைக்கு ஜெயிலுக்குப் போவாரு. எப்படி மேடம் சொல்லாம விடறது?"

எத்தனையோ பொய் விபத்துகளில் யார் குற்றவாளி என்று விரலை நீட்டிச் சொன்னவளுக்கு, இங்கே நீட்ட ஒரு ஆள் கிடைக்கவில்லை. மனு எழுதியவன் நல்லதுக்கு எழுதினான். கொடுத்தவர் நல்லதுக்குக் கொடுத்தார். அவளுக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

தெருமுனையில் சத்தம் கேட்டது. மையித்தை வைத்த சந்தூக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு, மாற்றி மாற்றித் தோள் கொடுத்தபடி, ஐம்பது அறுபது பேர் வேகமாக வந்துகொண்டிருந்தார்கள்.

"போய் நிறுத்துங்க பாய். மண்ணைக் கையால தொட வேணாம்னாவது சொல்லுங்க."

"இன்னான்னு மேடம் சொல்றது? மையித்தைத் தோள்ல வெச்சிகினு வரவங்ககிட்ட?" என்றான் அவன். கூட்டம் கேட்டுக்குள் நுழைந்தபோது, யாரோ விலகி இடம் கொடுக்க, அவனும் சந்தூக்குக்குத் தோள் கொடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

வேதாவின் கைபேசி அடித்தது. பத்தாவது அழைப்பு.

"மேடம், ஏதாவது..." என்றார் ஸ்ரீநிவாசன்.

"கிடைச்சிடுச்சு சார்."

எதிர்முனையில் ஒரு வளர்ந்த மனிதர் அழுவதை மறைக்கிற சத்தம், பிறகு "லோகா, கிடைச்சிடுச்சாம்" என்று தூரத்தில் குரல். அவர் மனைவி லோகநாயகி போனை வாங்கினாள்.

"மேடம், நாலு நாளா இவர் ஒரு வாய் சாப்பிடலை. பொண்ணு ஸ்கூலுக்கே போகலை, ஃபிரண்ட்ஸ் எல்லாம் கேக்கறாங்களாம். நீங்க நல்லா இருக்கணும் மேடம். எங்க இருக்கு அந்த மண்ணு? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

உள்ளே இறக்கி முடித்துவிட்டார்கள். ஆளுக்கு மூன்று பிடி மண் அள்ளிப் போடுவது அவர்கள் வழக்கம். ஒவ்வொருவராகக் குனிந்து, இரண்டு கையாலும் அந்தக் கருப்பு மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். வயதானவர் ஒருவருக்குக் குனிய முடியவில்லை, ஜமால் பாய் அள்ளி அவர் கையில் வைத்தார். முதாசிர் வரிசையில் நின்றான். அவன் முறை வந்ததும் கேட்டைத் திரும்பிப் பார்த்தான். அவள் காதில் போன் இருப்பதைக் கவனித்தான். சொல்லுங்கள் என்று தலையை அசைத்தான்.

வேதா சொன்னாள். சாலையின் பெயர், காலனியின் பெயர், எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பது, கடைசியாக அது என்ன இடம் என்பது. லோகநாயகி ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினாள். கடைசி வார்த்தையை மட்டும் திருப்பிச் சொல்லவில்லை.

முதாசிர் குனிந்து இரண்டு கை நிறைய அள்ளினான். மூன்றாவது பிடியைப் போட்ட பிறகும் அங்கேயே நின்றான். பின்னால் நின்றவர்களுக்கு வழி விடக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.